மூக்கும் முழியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



"பெண் மூக்கும் முழியுமாக இருக்கிறாள்" என்று சொல்வது நம் இல்லங்களில் வழக்கு. அழகைக் கூற வந்த நம் மக்கள் கண்ணுக்கும் முன்னதாக மூக்கை வைத்தனர். மூக்கு சற்றே சப்பையாகவோ, தண்டு மேடிட்டோ, நுனி பருத்தோ அமைந்துவிட்ட பிள்ளையைப் பள்ளித் தோழரும் விடுவதில்லை; பெண் பார்க்க வருவோரும் விடுவதில்லை. அதனால் இக்காலனியில் சில வீடுகளில், மூக்கைத் திருத்திக்கொள்ளும் அறுவை மருத்துவத்தைப் பற்றிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகின்றனர் என்பதை நாம் அறிவோம். அப்பேச்சை மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எண்ணி, மருத்துவத் தொழிலில் உள்ள நம்மை அழைத்த சங்கத்தார்க்கு நன்றி.

நாம் குடியேறி வாழும் இந்தப் புனே நகருக்கும் மூக்கு மருத்துவத்துக்கும் பழைய உறவு உண்டு. 1792-இல் முடிந்த மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்னும் மராட்டியர், திப்பு சுல்தானின் வீரரிடம் சிறைப்பட்டார். மூக்கும் ஒரு கையும் அறுபட்டு மீண்டார். ஓராண்டு மூக்கின்றி வாழ்ந்த அவருக்குப் புனேயின் அருகே, செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புதிய மூக்கு அமைத்துக் கொடுத்தார். ஆங்கில மருத்துவர் உடனிருந்து கண்ட அச்செய்தி, 1794 அக்டோபரில் இலண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் படத்துடன் வெளிவந்தது.

அவர் செய்த முறையைக் கேளுங்கள். மெழுகுத் தகட்டினால் மூக்கின் வடிவம் செய்து, அதனைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு வரைந்தார். கோட்டின்படி நெற்றித் தோலை உரித்தார். புருவங்களின் நடுவே ஒரு சிறு காம்பை மட்டும் அறுக்காது விட்டார். இரத்த ஓட்டம் அக்காம்பின் வழியே நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தோலைத் திருப்பி மூக்கிடத்தில் பொருத்தி, காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணிப்பட்டைகளில் தடவி ஒட்டினார். நான்கு நாள் சென்றபின் அதனை எடுத்து நெய் தோய்ந்த துணியை இட்டார். ஐந்தாறு நாள் நோயாளி மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். பத்தாம் நாள் மூக்குத் துளைகள் மூடிப்போகாதபடி மெல்லிய துணித் துண்டுகளை உள்ளே வைத்தனர். ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாளில் காம்பை அறுத்துவிட்டனர். இதைப் படித்த கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர் 1814-இல் இலண்டனில் இம்முறையைச் செய்துகாட்டி, 1816-இல் நூலும் வெளியிட்டார். சுசுருத சங்கிதையோ இதற்கும் மிக முந்தியது. அந்நூலில் தோல் எடுக்கும் இடம் கன்னம். அளவு எடுப்பது ஓர் இலையைக் கொண்டு. மூச்சு தடைப்படாதிருக்கத் துளைகளில் குழல் இரண்டு செருகுமாறும் சொல்லப்பட்டுள்ளது.

பழங்கதை சொல்லி நேரத்தைப் போக்குகிறோம் என்று கருத வேண்டா. குழல் வைத்தவரும் துணி வைத்தவரும் மூக்கை முதலில் மூச்சின் வாயிலாகவே கண்டனர். நாளெண்ணிப் பொறுத்திருக்கவும் கற்பித்தனர். இன்று விளம்பரப் பலகைகளில் விட்டுப்போகும் செய்திகள் இவ்விரண்டுமே.

அன்று இழந்த மூக்கை மீட்டனர். இருக்கும் மூக்கை வேறு வடிவாக்கும் முறை பிற்காலத்தது. பெர்லினில் ஜாக்ஸ் ஜோசப் என்பார் 1898-இல் பெருமூக்கொன்றைச் சிறிதாக்கியது அத்துறையில் பெயர்பெற்ற தொடக்கம். இன்று இது பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்துச் செய்யப்படுகிறது. ஒன்றரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். துளையின் உட்புறமாகவோ, இரு துளைகளுக்கும் இடையிலுள்ள தசையில் சிறு கீறல் இட்டோ உள்ளே செல்வர். மேடிட்ட எலும்பைத் தேய்ப்பர். அகன்ற எலும்பை வெட்டி நெருக்குவர். தாழ்ந்த மூக்கை உயர்த்த, மூக்கின் நடுச்சுவரிலிருந்தோ காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பை எடுத்து வைப்பர். பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம்.

முகத்தின் வளர்ச்சி முடியுமுன் அழகுக்காக இதனைச் செய்வதில்லை. பெண்களுக்குப் பதினைந்து பதினாறும் ஆண்களுக்குப் பதினேழு பதினெட்டும் ஆகவேண்டும் என்பது பொதுக் கணக்கு. புகைபிடிப்பவர் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். ஆஸ்பிரின் போன்றவையும், மீனெண்ணெய், வைட்டமின் ஈ முதலியனவும் இரத்தக் கசிவை மிகுவிக்கும். வீட்டில் உண்ணும் நாட்டு மருந்து உட்பட யாவற்றையும் மருத்துவரிடம் சொல்லி, எதை எப்போது நிறுத்துவது என்பதை அவரே முடிவுசெய்ய விட வேண்டும்.

இனி வீடு திரும்பியபின் நிகழ்வதைச் சற்று விரிவாகச் சொல்வோம். முதலிரவு கடினமானது. வலியைக் காட்டிலும் மூக்கடைப்பே வாட்டும். வாயால் மூச்சுவிட்டுத் தொண்டை வறளும். இரத்தம் கலந்த நீர் சிறிது கசியும். தலையணைகளை அடுக்கித் தலையை உயர்த்தியே உறங்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் கண்களைச் சுற்றி வீங்கிக் கருநீலமாகும். அதைக் கண்டு தாயார் அழுவார்; பாட்டி மருத்துவரை வைவார். பத்துப் பதினான்கு நாளில் அந்நீலம் பெரும்பாலும் மறையும். மூக்கின்மேல் வைத்த கட்டை ஏறத்தாழ ஒரு வாரத்தில் எடுப்பர். அன்று கண்ணாடியில் தெரிவது விரும்பிய மூக்கன்று. வீங்கி, நுனி தூக்கி, யாருடையதோ போல் இருக்கும். இந்நாளில் மனம் சோர்வது இயல்பு. வீட்டார் இதனை முன்னரே அறிந்திருந்தால் பாதி துயரம் குறையும்.

மருத்துவர் இசையும் வரையில் மூக்கைச் சிந்தலாகாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தலைவழியே மாட்டும் பனியன் வேண்டா. பொத்தான் வைத்த சட்டையே நலம். தண்ணீர்க் குடமோ எரிவாயு உருளையோ தூக்குவது, குனிந்து பெருக்குவது, பந்தாட்டம் ஆகியவற்றைப் பல வாரம் ஒதுக்க வேண்டும். மூக்குக் கண்ணாடி நான்கு முதல் ஆறு வாரம் மூக்கின்மேல் அமரலாகாது. நெற்றியில் ஒட்டுப்பட்டையால் தாங்கச் செய்யலாம். வெயில் படாது காத்துக்கொள்ளல் வேண்டும். நுனியும் மேல் முன்பற்களின் ஈறும் சில காலம் மரத்திருக்கும். அலுவலகத்துக்கு இரண்டு வாரத்தில் செல்லலாம். வீக்கத்தில் பெரும்பகுதி சில மாதங்களில் வடியும். ஆனால் முடிந்த வடிவம் தெரிய ஓராண்டு ஆகும். நம்மவரில் பலருக்கு உள்ளதுபோல் மூக்குத்தோல் தடித்திருந்தால் அதற்கு மேலும் ஆகும். நிற்காத குருதி, காய்ச்சல், நாளுக்கு நாள் ஏறும் வலி, தெளிந்த நீர்போல் ஓயாத ஒழுக்கு, பார்வைக் குறைவு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

இடர்களையும் மறைப்பதற்கில்லை. மூச்சுத் தடை உண்டாகலாம்; நடுச்சுவரில் துளை விழலாம்; இருபுறமும் ஒத்திராமல் போகலாம். நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை மீண்டும் ஒருமுறை அறுவைக்கு உட்படுவதாக மருத்துவ ஏடுகள் கூறும். அந்த இரண்டாம் அறுவையும் பொதுவாக ஓராண்டு கழித்தே. காது மூக்கு தொண்டைத் துறையிலோ பிளாஸ்டிக் அறுவைத் துறையிலோ முறையாகப் பட்டம் பெற்று, மருத்துவக் கவுன்சிலில் பதிவான ஒருவரையே நாட வேண்டும். கத்தியின்றி ஊசியால் மூக்கை உயர்த்துவதாக அழகு நிலையங்களில் சொல்வதை நம்பிச் செல்ல வேண்டா. இரத்தக் குழாய் அடைபட்டுத் தோல் அழுகவும், அரிதாகப் பார்வை போகவும் அதில் இடமுண்டு. அழகுக்காகச் செய்யும் அறுவைக்குக் காப்பீட்டுப் பணம் பொதுவாகக் கிடைக்காது. விபத்தில் உடைந்த மூக்குக்கும் மூச்சுத் தடைக்கும் நிலை வேறு.

இங்குள்ள பெற்றோரிடம் ஒன்று கேட்கிறோம்: மூக்கை மாற்ற விரும்புவது யார்? பிள்ளைதானா, பெண் பார்த்துச் சென்ற மாமியா? வளர்ந்த மகளோ மகனோ தாமே பல ஆண்டு எண்ணி விரும்பினால் அதனை வீண் மோகம் என்று எள்ளுதல் தகாது. வரன் தேடும் அவசரத்தில் பெற்றோர் இழுத்துச் செல்லுதலோ அதனினும் தகாது. முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பு செய்துவிடலாம் என்போர்க்கு, மணப்பந்தலில் வீங்கிய மூக்கே நிற்கும் என்பதை நினைவூட்டுகிறோம்.

கைப்பேசிப் படத்தைக் கொண்டு மூக்கை அளப்பதும் பிழை. ஓரடித் தொலைவில் எடுத்த படத்தில், ஐந்தடியில் எடுத்ததைக் காட்டிலும் மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகன்று தோன்றுவதாக 2018-இல் அமெரிக்க மருத்துவர் கணக்கிட்டு வெளியிட்டனர். பிறர் கண்ணுக்குத் தெரியாத குறையை நாள் முழுதும் கண்ணாடியில் தேடுபவர்க்கு அறுவை அமைதி தராது. மனநல மருத்துவரே முதலில் வேண்டும்.

தாய்மார் சிலர் மேடைக்கு வருமுன்பே நம்மிடம் மூக்குத்தியைப் பற்றிக் கேட்டனர். அறுவைக்கு முன் அதனைக் கழற்றியே ஆகவேண்டும். உலோகம் உடலில் இருத்தல் அங்குக் கூடாது. கழற்றிய துளை தூர்ந்து போகக்கூடும். மீண்டும் குத்துவதானால் மூக்கு நன்கு ஆறி, மருத்துவர் இசைந்தபின் குத்த வேண்டும். வைர மூக்குத்தி உள்ளவர்கள் அதனை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல் வீட்டுப் பெட்டியிலேயே வைத்துவிட்டுச் செல்க.