தலைநகருக்கு மூன்று இருக்கை

(அஞ்சுகிராமத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1956 நவம்பர் முதல் நாள் எத்தகைய நாள் என்று இவ்வூர்ப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியினின்று நீங்கித் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்த நாள் அது. அதற்கு முன்பு அஞ்சுகிராமத்தின் எல்லையைக் கடந்தால் நெல்லைச் சீமை. அங்கும் அதே தமிழ், அதே உறவு. ஆட்சி மட்டும் வேறு. 1954 ஆகத்து 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டியவர்கள் கேட்டது பெரிதொன்றுமில்லை. தமக்கான சட்டத்தைத் தம் மொழி வழங்கும் மன்றம் இயற்ற வேண்டும் என்பதே.

அதே 1956 நவம்பர் முதல் நாளில் தில்லியில் நடந்தது என்ன? நாஞ்சில் நாட்டார் தமக்குரிய சட்டமன்றத்தை அடைந்த அந்நாளில் தலைநகரத்தார் தம் சட்டமன்றத்தை இழந்தனர்! 1952இல் 48 உறுப்பினரோடும் சௌத்திரி பிரம்மப் பிரகாசு என்னும் இளைஞரை முதல்வராகக் கொண்டும் தொடங்கிய தில்லிச் சட்டமன்றம் நான்கே ஆண்டில் மறைந்தது. தில்லி ஒன்றிய ஆட்சிப்பகுதி ஆயிற்று. வியப்பு இனித்தான் உள்ளது. சட்டமன்றம் இருந்த காலத்தில் மேலவையில் தில்லிக்கு ஓர் இடம். சட்டமன்றம் பறிபோனபின் அவ்வோர் இடம் மூன்றாயிற்று. வேரைப் பறித்துவிட்டுக் கிளைக்கு நீர் ஊற்றியது போன்றதன்றோ இது?

மேலவை என்பது யாது? 1952 ஏப்பிரல் 3இல் அமைந்து, மே 13இல் முதன்முறை கூடிய அவை அது. 1954 ஆகத்து 23இல் இந்தியில் அதற்குப் பெயர் சூட்டினர். தமிழில் மாநிலங்களவை என்பர். பெயரே பொருளைச் சொல்லிவிடுகிறது. மாநிலம் எதுவோ அதற்கே அங்கு இடம். மாநிலத்துச் சட்டமன்றத்தார் எவரைத் தேர்ந்தெடுத்தனரோ அவரே அங்குச் சார்பாளர். தமிழ்நாட்டின் 18 இடங்களுக்கும் வாக்களிப்போர் 234 பேர். குமரி மாவட்டத்து ஆறு பேரும் அவருள் அடங்குவர். ஆகலின் அஞ்சுகிராமத்து உழவனின் வாக்கு ஒரு படி தாண்டி அவ்வவைக்குப் போய்ச் சேருகிறது. சட்டமன்றம் இல்லாத தில்லிக் குடிமகனின் வாக்கு எந்தப் படியில் ஏறும்? ஒன்றிய ஆட்சிப்பகுதிகளின் சார்பாளரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை நாடாளுமன்றமே சட்டம் செய்து வகுக்கும் என்று அரசமைப்பின் 80ஆம் பிரிவு சொல்லிற்று. கொடுப்பவனும் அவனே, கொடுக்கும் வழியை வகுப்பவனும் அவனே!

1966இல் சட்டமன்றத்துக்கு மாற்றாகப் பெருநகர மன்றம் என ஒன்று வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டோர் 56 பேர், அமர்த்தப்பட்டோர் ஐவர். அம்மன்றம் அறிவுரை கூறலாம். சட்டம் இயற்ற இயலாது. 1967இல் அதன் தலைவராக இருந்த அத்வானி, 1970இல் தில்லியின் சார்பில் மாநிலங்களவைக்குச் சென்றார். அதே அத்வானி 1976இல் குசராத்தின் சார்பாளர். 1982இல் மத்தியப் பிரதேசத்தின் சார்பாளர். ஆள் ஒருவரே, மாநிலம் மூன்று.

1990 சனவரியில் பெருநகர மன்றமும் கலைந்தது. தேர்ந்தெடுப்போர் இல்லையெனில் தேர்ந்தெடுக்கப்படுவோர் ஏது? ஒழிந்த இடங்கள் ஒழிந்தபடியே கிடந்தன. 1991இன் 69ஆம் அரசமைப்புத் திருத்தத்தால் 70 பேர் கொண்ட சட்டமன்றம் மீண்டு, 1993 நவம்பரில் தேர்தல் நடந்தபின்னரே, 1994 சனவரியில் அவ்விடங்கள் நிரம்பின. காவல், பொது ஒழுங்கு, நிலம் ஆகிய மூன்றும் அச்சட்டமன்றத்துக்கு இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கணக்கு. சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டும். மூன்று இடத்துக்கும் ஒரே தேர்தல் நடந்தால், 70 பேரில் 18 பேர் உடைய கட்சி ஓரிடம் பெறும். தமிழ்நாட்டில் ஆறு இடத்துக்கு ஒருங்கே தேர்தல் நடப்பதால் 34 பேர் உடைய எதிர்க்கட்சியும் ஓரிடம் பெறுகிறதன்றோ, அவ்வாறே. ஆனால் தில்லியின் மூன்று இடங்களும் வெவ்வேறு சுற்றைச் சேர்ந்தவை. ஆகவே தனித்தனித் தேர்தல் வேண்டும் என்று 1994இல் தில்லி உயர் முறைமன்றம் வாலியா வழக்கில் தீர்ப்பளித்தது. தனித்தனி என்றால் ஒவ்வொன்றுக்கும் 36 பேர் வேண்டும். பெரும்பான்மைக் கட்சி மூன்றையும் அள்ளிக்கொள்ளும். 1994இல் பாரதிய சனதா மூன்றையும் கொண்டது. 2000இல் காங்கிரசு மூன்றையும் கொண்டது. 2012இல் பாரதிய சனதாவுக்குச் சட்டமன்றத்தில் 23 பேர் இருந்தும் ஓரிடமும் இல்லை. 2018இலும் 2024இலும் ஆம் ஆத்மி கட்சிக்கே மூன்றும். மறு ஆண்டே, 2025 பிப்பிரவரியில், 48 இடம் வென்று பாரதிய சனதா ஆட்சிக்கு வந்தது. 2024இல் தேர்ந்தோரின் ஆறாண்டுக் காலமோ 2030 சனவரி வரை.

மக்கள்தொகையைப் பாருங்கள். 1951இல் பதினேழு இலக்கம் பேர் வாழ்ந்த தில்லியில் 2011இல் 1 கோடியே 68 இலக்கம் பேர். இடம் மட்டும் 1956இல் எண்ணிய அதே மூன்று. கேரளத்தில் 3 கோடியே 34 இலக்கம் பேருக்கு ஒன்பது இடம். பாதி மக்களுக்கு மூன்றில் ஒரு பங்கு!

தில்லியாருக்கு இடம் குறைவு என்றால், தில்லியில் வாழும் தலைவர்களுக்கோ குறைவே இல்லை. காசுமீர அரச குடும்பத்துக் கரண் சிங், 2000 முதல் 2018 வரை தில்லியின் சார்பாளர். தில்லியில் வாழ்ந்த மன்மோகன் சிங், 1991 முதல் 2019 வரை அசாமின் சார்பாளர். பின்னர் 2024 வரை இராசசுத்தானத்தின் சார்பாளர். அந்த மாநிலத்து வாக்காளராக இருத்தல் வேண்டும் என்று பழைய சட்டம் கேட்டதால் குவாகாத்தியில் ஒரு வாடகை முகவரி தேவைப்பட்டது. 2003இல் அத்தேவையையும் நீக்கினர். இந்தியாவில் எங்கேனும் வாக்காளராக இருந்தாற் போதும் என்றாயிற்று. குல்தீப் நய்யார் வழக்குத் தொடுத்தார். 2006 ஆகத்தில் உச்ச முறைமன்றத்தின் ஐவர் ஆயம் திருத்தம் செல்லும் என்றது. மாநிலத்தில் வாழாதவர் மாநிலத்துக்காகப் பேசலாம் என்பது சட்டப்படி சரியாகலாம். மாநிலங்களவை என்னும் பெயர்தான் நாணுகிறது.

பிற நாட்டுத் தலைநகரங்கள்? வாசிங்டனுக்கு அமெரிக்க மேலவையில் ஓரிடமும் இல்லை. அதனினும் மக்கள் குறைந்த வயோமிங் மாநிலத்துக்கு இரண்டு. கான்பெராவைக் கொண்ட ஆத்திரேலியத் தலைநகர்ப் பகுதிக்கு 1975 முதல் இருவர். பெர்லினோ தானே ஒரு மாநிலம். செருமானிய மேலவையில் நான்கு வாக்கு உடையது. மாநிலம் என்றால் முழு மாநிலம் என்பது அவர்கள் முடிவு.

தில்லியின் மூன்று இருக்கைக்கு எவ்வளவு வலிமை என்பது 2023 ஆகத்து 7இல் தெரிந்தது. தில்லி அரசின் அலுவலர்கள் எவருக்குக் கட்டுப்பட்டோர் என்பது வழக்கு. மே 11இல் உச்ச முறைமன்றம் தில்லி அரசுக்கே என்றது. எட்டே நாளில், மே 19இல், ஒன்றிய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து அதை மாற்றியது. அதனை நிலையான சட்டமாக்கும் முன்வரைவு ஆகத்து 7இல் மாநிலங்களவைக்கு வந்தது. தில்லியின் மூவருள் ஒருவரான சஞ்சய் சிங், சூலை 24இலேயே அக்கூட்டத்தொடர் முழுமைக்கும் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார். எஞ்சியோர் இருவர். தொண்ணூறு அகவை கொண்ட மன்மோகன் சிங் சக்கர நாற்காலியில் வந்து முன்வரைவுக்கு எதிராக வாக்களித்தார்; தில்லியில் வாழ்ந்த அவர் அன்று அளித்தது இராசசுத்தானத்தின் வாக்கு. ஆதரவு 131, எதிர்ப்பு 102. தில்லியின் ஆட்சி எவர் கையில் என்பதை அன்றிரவு முடிவு செய்தோர், தில்லி மக்களுக்கு விடை சொல்லக் கடமைப்படாத பிற மாநிலத்துச் சார்பாளர்கள்.