கொடைக்கானல் கோபுரமும் சென்னைத் தொலைக்காட்சியும்

யார் நினைவாக இப்பொழிவு நடக்கிறதோ அந்தப் பெரியவரை நேரில் அறியும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. அவர் பெயரைச் சொல்லி ஆண்டுக்கொரு முறை ஒருவரை இடைமறிக்காமல் பேசவிடுகிறீர்கள். அந்த வசதியை இன்று முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளப் போகிறேன். அறிமுகவுரையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியைத் தள்ளிவிடலாம்.

தலைப்பைப் பார்த்ததுமே முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். ‘மறுபடியும் மலையேறிவிட்டார்’ என்று துறையில் என்னைப் பற்றிச் சொல்வது எனக்குத் தெரியும். ஏறித்தான் ஆகவேண்டும்.

சென்னைத் தொலைக்காட்சியின் வரலாற்றை நண்பர்கள் மூன்று ஆண்டுகளை வைத்து எழுதிவிடுகிறார்கள். 1975 ஆகஸ்ட் 15 அன்று நிலையம் தொடங்கியது. 1982இல் வண்ணமும் தில்லியின் தேசிய நிகழ்ச்சியும் வந்தன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. வந்தது, கதை முடிந்தது. ஆய்வேடு ஆய்வேடாக இதே வரிசைதான் வருகிறது. மூன்று தேதிகளும் சரியானவை. ஆனால் இது சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கும் ஒரு கட்டடத்தின் வரலாறு. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் இருந்தவர்களுக்கு 1975 என்பது தொலைக்காட்சி வரலாற்றில் ஒரு தேதியே அல்ல. அந்த ஆண்டு ஆறு மாநிலங்களின் 2,400 ஊர்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகப் படம் காட்டிய ‘சைட்’ சோதனை தொடங்கியது. அதில் ஆந்திரம் இருந்தது, கருநாடகம் இருந்தது, நாம் இல்லை. சென்னையில் கோபுரம் தெரியும் தூரத்தில் குடியிருந்தவர்களுக்கு மட்டுமே அன்று தொலைக்காட்சி.

‘சரி, எண்பதுகளில் பரவிவிட்டதே’ என்பார்கள். என் சண்டை தொடங்குவது இங்கேதான். 1983இல் இன்சாட்-1பி ஏவப்பட்டது. மக்கள்தொகையில் 70 சதவீதத்தினரைத் தொடுவது என்று இலக்கு வைத்து, 1984இல் நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் ஒளிபரப்பிகளை நிறுவினார்கள். அந்த எழுபதை எடுத்து அப்படியே நம் நிலையத்தின் கணக்கில் வரவு வைப்பதுதான் நண்பர்கள் செய்யும் தவறு. அந்தச் சிறு ஒளிபரப்பிகள் பெரும்பாலும் 100 வாட் சக்தி கொண்டவை. சுமார் 25 கிலோமீட்டர் தூரத்துக்குப் படம் கொடுக்கும். அவை செயற்கைக்கோளிலிருந்து வாங்கி விநியோகித்தது தில்லியைத்தான். சென்னையின் தமிழ் நிகழ்ச்சிகள் அந்த வழியில் வரவில்லை. தெற்கே ஒரு மாவட்டத் தலைநகரில் புதிதாகப் பெட்டி வாங்கியவர் 1984 ஜூலையில் ‘ஹம் லோக்’ என்ற இந்தித் தொடரைப் பார்த்தார். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து இந்தியில் அறிவுரை சொல்வதையும் பார்த்தார். சென்னையின் ‘ஒளியும் ஒலியும்’ பாடல் நிகழ்ச்சி அவர் வீட்டுக்கு வரவில்லை. கணக்கில் தமிழ்நாடு சேர்ந்துவிட்டது, சென்னை நிலையம் சேரவில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாத எந்த அட்டவணையையும் நான் ஏற்பதில்லை.

அப்படியானால் தென்தமிழ்நாட்டில் தொலைக்காட்சியே இல்லையா? இருந்தது. இலங்கையுடையது. ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலவின் உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில், அதன் ஒளிபரப்பி இருந்தது. அலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் தொடுவானத் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். அந்த மலைக்கு அது ஏறத்தாழ 205. தூத்துக்குடி அதற்கும் வெகு அப்பால். ஆனால் இடையில் கடல் இருக்கிறது. காற்றடங்கிய வெக்கை நாள்களில், கடலை ஒட்டிய குளிர்ந்த காற்றின்மேல் சூடான காற்று படியும்போது, அலை நேரே வானுக்குப் போகாமல் வளைந்து நீரை ஒட்டியே ஓடும். காற்று பலமாக வீசினால் அந்த அடுக்கு கலைந்துபோகும், படமும் போகும். இரு நாடுகளும் ஒரே பால்-பி முறையைக் கைக்கொண்டதால் இங்கே விற்ற பெட்டியிலேயே அந்தப் படம் விழுந்தது. இலங்கை வானொலி கேட்டே வளர்ந்த ஊர்களுக்கு இதில் அந்நியம் எதுவும் தெரியவில்லை. சிங்களச் செய்தியைப் பொறுத்துக்கொண்டு தமிழ்ப் படத்துக்காகக் காத்திருந்தார்கள்.

எண்பதுகளின் பிற்பாதியில், சென்னை நிகழ்ச்சிகளை அஞ்சல் செய்யும் கொடைக்கானல் உயர்சக்தி ஒளிபரப்பி வந்தது. மலை 2,100 மீட்டருக்குக் குறையாது. அதே கணக்கைப் போட்டால் 190 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு வரும். மதுரை 80 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. திருச்சி 150க்குள், நெல்லையும் தூத்துக்குடியும் 180க்குள். சென்னையில் எத்தனை உயரமாகக் கோபுரம் கட்டியிருந்தாலும் இதில் கால்பங்கு நிலத்தைக்கூடத் தொட்டிருக்க முடியாது. ஒரு அரசு நிலையம் தன் மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்த நாள் எது என்று கேட்டால், மலையில் இந்த ஒளிபரப்பி உயிர்பெற்ற நாளைத்தான் சொல்வேன்.

சான்று எங்கே என்கிறார்கள். சான்று மொட்டைமாடியில் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து பார்த்தால் கொடைக்கானல் வடமேற்கே, பீதுருதாலகால தென்கிழக்கே; ஏறக்குறைய எதிரெதிர்த் திசை. ஆகவே நாற்பது அடி இரும்புக் குழாயில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆன்டெனாக்கள், முதுகுக்கு முதுகு நின்றன. தட்டையான ரிப்பன் ஒயர் இரண்டு ஜன்னல் வழியாக இறங்கும். பெட்டிக்குப் பின்னால் ஒரு சிறு சுவிட்ச். இந்தப் பக்கம் தட்டினால் இலங்கை, அந்தப் பக்கம் தட்டினால் கொடைக்கானல். கம்பத்தின் உச்சியில் பூஸ்டர். அதற்கு மழைநீர் போகாமலிருக்க பவுடர் டப்பாவைக் கவிழ்த்துக் கட்டியிருப்பார் மெக்கானிக். அவருக்கு வர்க்கமூலம் தெரியாது. எந்தத் தெருவில் எந்த வேப்பமரம் வடமேற்கை மறைக்கிறது என்பது தெரியும். கம்பத்தை எவ்வளவு உயர்த்தினால் புள்ளி குறையும் என்பதும் தெரியும். ‘அண்ணாச்சி, இன்னும் ஒரு குழாய் ஏத்துனாத்தான் கொடைக்கானல் நிக்கும்’ என்று சொல்லி, ஒரு குழாய்க்கான காசை வாங்கிக்கொண்டு போவார்.

மேல் ஆன்டெனா எந்தத் திசையைப் பார்த்தது என்பதே என் கேள்வி. கொடைக்கானல் வந்த புதிதில் மேலே இலங்கை, கீழே கொடைக்கானல். பிறகு பல வீடுகளில் அது தலைகீழானது. வெள்ளிக்கிழமை இரவு ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலைத் தமிழ்ப் படம் இரண்டும் உறுதியாகிவிட்ட பின் இலங்கை ஆன்டெனா கீழே இறங்கியது. சில வீடுகளில் காக்கை உட்கார்ந்து உட்கார்ந்து அதன் குழல் வளைந்தபோது யாரும் நிமிர்த்தவில்லை. நேயர்கள் எந்த நிலையத்தைத் தம்முடையதாக எண்ணினார்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குக் கிடைத்ததில்லை. பின்னாளில் மனம்போனபடி நிரப்பப்பட்ட கேள்வித்தாள்கள் தரவுகளாம், இது மட்டும் கதையாம்!

‘அன்று எத்தனை வீட்டில் பெட்டி இருந்தது?’ என்பது அடுத்த அம்பு. குறைவுதான். ஆனால் பெட்டியை எண்ணினால் பார்த்தவர்களை எண்ணியதாகாது. ஞாயிறு மாலை பெட்டி வீட்டுக் கூடம் நிறைந்து, திண்ணை நிறைந்து, தெருவில் நின்று ஜன்னல் வழியே பார்த்த கூட்டத்தை எந்தக் கணக்கெடுப்பில் சேர்ப்பது? தலைக்கு நாலணா வசூலித்த வீடுகளும் உண்டு. அந்த வீட்டுக்காரர்கள் கணக்கு எழுதியிருந்தால் நம் ஆய்வு எங்கோ போயிருக்கும்.

‘கொடைக்கானலில் கலையகம் இல்லை, அது வெறும் அஞ்சல்’ என்பது கடைசி அம்பு. இருக்கட்டுமே. தில்லியை அஞ்சல் செய்த நூறு வாட்டும் அஞ்சல்தான், சென்னையை அஞ்சல் செய்த மலையும் அஞ்சல்தான். எதை அஞ்சல் செய்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஷோபனா ரவி வாசித்த செய்தி சென்னைச் செய்தியாக இருந்து தமிழ்நாட்டுச் செய்தி ஆனது அந்த மலையில்தான்.

நேரம் ஓடுகிறது. இராமேசுவரம் தொலைக்காட்சிக் கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1995இல் எழுந்த அது 323 மீட்டர். நாட்டிலேயே மிக உயரமான கோபுரம். மலை இல்லாத தீவில் மலையைக் கட்டப் பார்த்தார்கள். ஆனால் எழும்பிய நேரம் தவறு. கேபிள் ஒயர் அதற்குள் தெருவுக்கு வந்துவிட்டது. செயற்கைக்கோள் சேனல்களுக்குத் தொடுவானக் கணக்கே தேவையில்லை. இதை விரித்துப் பேச வேறொரு பொழிவு வேண்டும்.

1993இல் அரசு நிலையம் செத்துவிட்டது என்பதையும் நான் ஏற்கவில்லை. அதன் தமிழ்ச் சேவையும் செயற்கைக்கோளுக்கு ஏறியது, பொதிகை என்று பெயர் பெற்றது, 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது. 2004இல் தொடங்கிய கட்டணமில்லா டிஷ் சேவை மாதச் சந்தா கட்ட முடியாத வீடுகளுக்கு அதைக் கொண்டுபோகிறது. பழைய தரைவழி ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை 2022க்குள் நிறுத்திவிட்டார்கள். மலைக்கு வேலை குறைந்தது. நிலையத்துக்குக் குறைந்ததா என்பது வேறு கேள்வி.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். மாணவர்களுக்குச் சில வேலைகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். ‘எதிரொலி’க்கு வந்த நேயர் கடிதங்களை ஊர்வாரியாக யாராவது பிரிக்க வேண்டும். கொடைக்கானலுக்கு முன், பின் என்று பிரித்தாலே என் கூற்று நிற்கிறதா விழுகிறதா என்று தெரிந்துவிடும். தொலைக்காட்சிப் பெட்டிக்கு உரிமம் கட்டிய காலத்து அஞ்சலகப் பதிவேடுகளைத் தென்மாவட்டங்களில் தேடலாம். ‘வயலும் வாழ்வும்’ பேசிய பயிர்களின் பட்டியலை எடுத்து, காவிரிப் படுகைக்கு எவ்வளவு, கரிசலுக்கு எவ்வளவு என்று பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் நம் ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடமும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ஆன்டெனா மெக்கானிக்குகளைத் தேடிப் போங்கள். பலர் இப்போது சிசிடிவி கேமரா மாட்டுகிறார்கள், கைபேசி எண் கடைப் பலகையிலேயே இருக்கும்.