கடன் மீறிப்போனால்: செட்டில்மென்டா, மஞ்சள் கடுதாசியா?

தனிநபர் கடன், கிரெடிட் கார்டு பாக்கி, கைமாற்று எல்லாம் சேர்ந்து, வாங்குகிற சம்பளம் வட்டிக்கே காணாமல் போகிற வீடுகளுக்காக இன்று பேசுகிறேன். சட்டம் அவர்களுக்கு இரண்டு வழி வைத்திருக்கிறது. வங்கியோடு பேசி ஒரு தொகையில் முடித்துக்கொள்ளும் செட்டில்மென்ட் ஒன்று. நீதிமன்றத்தில் திவால் மனு போடுவது, அதாவது ஐ.பி. கொடுப்பது, பேச்சுவழக்கில் மஞ்சள் கடுதாசி, மற்றொன்று.

ஓரளவு பணம் புரட்ட முடியுமானால் முதலில் செட்டில்மென்டைத்தான் பாருங்கள். இதற்கென வங்கிகள் ஒரு கொள்கை வகுத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் சொல்லிவிட்டது. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். ஒப்புக்கொண்ட தொகை எழுத்தில் வராமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். கட்டி முடித்ததும் பாக்கியில்லைச் சான்று வாங்கிவிடுங்கள். லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், முடித்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஒன்றை மறைக்கக் கூடாது: சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்ற குறிப்பு சில வருடங்கள் நிற்கும், புதுக் கடன் கிடைப்பது கடினம்.

“இஎம்ஐயை நிறுத்துங்கள், கடனைப் பாதியாக்கித் தருகிறோம்” என்று முன்பணம் கேட்கிறவர்களை நம்ப வேண்டாம். வங்கியில் நீங்களே பேசலாம். செட்டில்மென்ட் பணத்துக்காகக் கந்துவட்டிக்குப் போவது அதைவிடக் கொடுமை.

எதையும் புரட்ட வழியே இல்லாதவருக்குத்தான் மஞ்சள் கடுதாசி. மாவட்டங்களில் இன்றும் 1920ஆம் ஆண்டுச் சட்டம், சென்னையில் 1909ஆம் ஆண்டுச் சட்டம். 2016இல் வந்த புதிய திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றம் ஒருவரைத் திவாலானவர் என அறிவித்ததும் அவர் சொத்து ரிசீவர் கைக்குப் போகும். உடுதுணி, சமையல் பாத்திரம், தொழில் கருவி, தாலி இவற்றைத் தொட முடியாது. ஆனால் அடமானம் வைத்த வீட்டின் மீது வங்கிக்குள்ள உரிமை அப்படியே இருக்கும். உங்களுக்கு ஜாமீன் போட்ட மைத்துனரும் தப்ப மாட்டார். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் வீட்டை மனைவி பெயருக்குச் சும்மா எழுதி வைத்திருந்தால் அந்தப் பத்திரமே ரத்தாகலாம். மோசடியால் வந்த கடனுக்கும் விடுதலை இல்லை.

ஊரை ஏமாற்றிவிட்டு ஐ.பி. கொடுத்த சிலரால் இந்த வழிக்கே கெட்ட பெயர். வியாபாரம் நொடித்தவரும், மருத்துவச் செலவில் மூழ்கியவரும் அதற்காகத் தலைகுனிய வேண்டியதில்லை. இது அவர்களுடைய உரிமை.

எதில் கையெழுத்துப் போடுமுன்னும் உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய்க் கேளுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எதுவானாலும் அங்கே வழக்கறிஞர் இலவசம். தொலைபேசி எண் 15100.