லயத்து வேலியும் மாடிவீட்டுச் சட்டியும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கல்வியின் பெருமையை எனக்கு முன் பேசியவர்கள் நன்றாகவே எடுத்துச் சொல்லிவிட்டார்கள். நான் பூங்கொடியைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு அமர்கிறேன்.

பேராக் மாநிலத் தோட்டங்களில் நாம் லயத்தில் குடியிருந்த காலத்தில் வாசலில் மல்லிகைப் பந்தல் இருக்கும்; வேலியில் சங்குப்பூ படர்ந்து கிடக்கும். அப்போது சட்டியை யார் தேடினார்கள்? காலடியில் மண் இருந்தது. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன. நம்மவர்களில் பலர் இன்று ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் வாழ்கிறார்கள். “ஐயா, கோலம் போடவே இடமில்லீங்க, கொடியை எங்கே வைக்கிறது?” என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். சட்டியில் வைக்கலாம், அம்மா. ஆனால் எந்தச் சட்டி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மண்சட்டி ஈரத்தை வெளியே விடும். வேர் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் வெயிலில் சீக்கிரம் காயும், தூக்கவும் பாரம். மாடிவீட்டுக்கு பிளாஸ்டிக் சட்டியே வசதி. மைலோ டின், பிஸ்கட் டின் எல்லாம் பகல் வெயிலில் கொதித்து வேரை வாட்டிவிடும், பிறகு துருப்பிடிக்கும். பால்மங்கைச் சிலர் ஆசையாக எடுத்து வைத்திருக்கிறார்கள். அதை அலமாரியில் வையுங்கள். கொடிக்கு அது போதாது, அடியில் துளையும் இல்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். களைக்கொல்லி மருந்து வந்த டின்னை எவ்வளவு கழுவினாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பாராகுவாட் மருந்து நம் நாட்டில் 2020 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் பழைய டின் எங்கேயாவது கிடக்கும். பல தோட்டங்களில் அந்த மருந்தை அடித்தவர்கள் நம் பெண்கள்தாம். அதன் கடுமையை அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மண்ணுக்குக் கணக்கு எளிது: மேல்மண் 3 பங்கு, மக்கிய சாணமோ இலையுரமோ 2 பங்கு, மணல் 1 பங்கு. கிந்தாப் பள்ளத்தாக்கில் பழைய ஈயச் சுரங்க மணலுக்குப் பஞ்சமில்லை. அதில் சத்தும் இல்லை, தண்ணீரும் நிற்காது. ஆகவே அந்த ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சட்டியின் அடியில் கால்வாசிக்குக் கல் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதனால் பயனில்லை. தண்ணீர் கல்லுக்கு மேலுள்ள மண்ணிலேயே தேங்கி நிற்கும். வேருக்குக் கிடைக்க வேண்டிய இடந்தான் குறையும். துளையை மூட ஓர் ஓட்டுத் துண்டு போதும். சிறு கன்றைப் பெரிய சட்டியில் வைப்பதும் தவறு. குடிக்க வேரில்லாத ஈரம் அழுகலைக் கொண்டுவரும்.

முல்லைக்குத் தேரைக் கொடுத்தான் பாரி. நம்மிடம் தேர் இல்லை. மூங்கில் குச்சி நாலு இருந்தால் சரி. அதைக் கன்று நடும்போதே ஊன்றிவிடுங்கள். வேர் பரவிய பிறகு குத்தினால் வேர் அறுபடும்.

ஈப்போவுக்குக் காகிதப்பூ நகரம் என்றே பெயர். போகன்வில்லாவைத்தான் சொல்கிறேன். பிரேசில் நாட்டுச் செடி. பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில் பெயரைத் தாங்கி வந்தது. நாம் பூ என்று நினைக்கும் அந்தச் சிவப்பு உண்மையில் இலை. நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைதான் பூ. அதற்குச் சட்டி சற்று நெருக்கமாக இருக்க வேண்டும். மண் காய்ந்த பிறகே தண்ணீர். அன்பு மிகுதியால் தினமும் ஊற்றினால் வெறும் இலையாகத் தழைக்கும்! மல்லிகை அப்படியல்ல. அதற்கு நல்ல வெயிலும் வேண்டும், தவறாத தண்ணீரும் வேண்டும். பூத்து ஓய்ந்ததும் நுனியை வெட்டிவிடுங்கள். புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும்.

மாடியில் இருப்பவர்கள் கவனியுங்கள். 2018 சனவரியில் கோலாலம்பூர் பந்தாய் டாலாமில், அடுக்குமாடியிலிருந்து விழுந்த ஒரு நாற்காலி 15 வயது மாணவனின் உயிரைக் குடித்தது. ஈரமண் நிறைந்த சட்டி அந்த நாற்காலிக்கு இளைத்ததா? கைப்பிடிச் சுவர்மேல் சட்டி வைக்கவே கூடாது. தரையில் வையுங்கள்; நடைபாதையை அடைக்காதீர்கள்.

அடுத்தது டிங்கி. சட்டிக்குக் கீழே வைக்கும் தட்டில் நிற்கும் கொஞ்சத் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தாராளம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். இல்லையேல் தட்டே வேண்டாம். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் தண்டம் கட்ட நேரிடும்.

மாணவர்களுக்குச் சங்குப்பூவே ஏற்றது. அது அவரை, பயறு இனம். வேர் முடிச்சில் காற்றின் நைட்ரசனைச் சேர்க்கும். இளம் பால்மரங்களுக்கிடையே மண்ணை மூடத் தோட்டத்தில் கொடிப்பயிர் விட்டார்களே, அதுவும் இந்த இனந்தான். தாத்தாவைக் கேளுங்கள், சொல்வார். நீலப்பூவை வெந்நீரில் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்தால் நீலம் ஊதாவாகும். ஏன் என்று உங்கள் அறிவியல் ஆசிரியரைக் கேளுங்கள்.

வாசல் மேசையில் சங்குப்பூ விதை வைத்திருக்கிறேன். பரிசு வாங்கியவர்களும் வாங்காதவர்களும் ஆளுக்கு ஐந்து விதை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றிரவு தண்ணீரில் ஊறவைத்து நாளைக் காலையில் ஊன்றுங்கள்.