கூட்டம் எங்கே நடக்கிறது?



மூலக்குளத்திலிருந்து வில்லியனூர் செல்லும் சாலையில் மதுக்கடைக்கு வழி கேட்டு நின்றவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. கடையின் விளக்கே வழி காட்டிவிடும். 1937ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கியபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. பின்னரும் எல்லைக்கு அப்பாலிருந்து குடிப்பதற்கென்றே இங்கு வந்து செல்வோர் உண்டு. குடியை விட விரும்புகிறவன் எங்கே போவது என்று கேட்டால் யார் வழி சொல்வார்? அக்கேள்வி என்னிடமே ஒருமுறை கேட்கப்பட்டது.

அப்போது நான் தலைமையாசிரியர். பத்தாம் வகுப்பில் கணக்கிலே கெட்டிக்காரனான ஒரு மாணவன், திங்கட்கிழமைதோறும் பள்ளிக்கு வாராதிருந்தான். ஞாயிறன்று குடித்துவரும் தந்தையிடம் தாயை விட்டுவர அவனுக்கு அச்சம். தந்தையை வரவழைத்து, அரைமணி நேரம் அறிவுரை கூறினேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கற்ற உளவியலையெல்லாம் கொட்டினேன் என்றே சொல்லலாம். அவர் நடுங்கும் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டிருந்தார். எழுந்தபோது, “விட்டவங்கல்லாம் எங்கேயோ ஒண்ணா கூடுறாங்களாமே ஐயா, அது எங்கே?” என்றார். எனக்குத் தெரியவில்லை. “விசாரித்துச் சொல்கிறேன், இன்றே குடியை நிறுத்துங்கள்” என்றேன்.

அவர் என் சொல்லை மதித்து அன்றே நிறுத்தினார். மூன்றாம் நாள் வலிப்பு வந்து, மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். ஆண்டுக்கணக்காக நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே தீங்கு நேரலாம் என்று மருத்துவர் எனக்கு விளக்கினார். நிறுத்துவது நல்லதுதான், மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும். அந்தச் சிறு செய்தியை அறியாமல் நான் அரைமணி நேரம் பேசியிருந்தேன். அவர் பிழைத்தார். கூட்டம் எந்தக் கிழமையில், எங்கே நடக்கிறது என்பதை அம்மருத்துவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்பது அக்கூட்டத்தாரின் பெயர். தம் முழுப்பெயரை வெளியிடாத குடிநோயாளர்களின் கூட்டுறவு என்று பொருள் கொள்ளலாம். அது பிறந்த கதையும் ஒரு தேடலின் கதையே. 1935ஆம் ஆண்டு மே மாதம், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் என்ற நியூயார்க் நகரத்தார், அமெரிக்காவின் ஆக்ரன் என்னும் ஊரில் ஒரு விடுதியில் தனித்து நின்றார். வந்த தொழில் முறிந்துவிட்டது. ஒருபுறம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி. மறுபுறம் தொலைபேசியும், ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியலும். அவர் தொலைபேசியை எடுத்து, தம்மைப்போல் குடியால் துன்புறும் ஒருவரோடு பேச வேண்டும் என்று கேட்டார். ஒருவர் வழியாக ஒருவர் என்று விசாரித்து, பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரைச் சந்தித்தார். கால்மணி நேரமே இருப்பேன் என்று வந்த மருத்துவர் இரவு நெடுநேரம் பேசியிருந்தார். வில்சன் அவருக்கு அறிவுரை கூறவில்லை; தம் கதையைச் சொன்னார். நான் செய்யத் தவறியது இதுவே என்று பிற்பாடு உணர்ந்தேன். ஆனால் எனக்குச் சொல்லக் கதை இல்லையே!

1957ஆம் ஆண்டில் புதுதில்லியில் இவ்வியக்கம் நம் நாட்டில் கால்கொண்டது. சென்னையில், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சிகிச்சை நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தார். 1989 முதல் மஞ்சக்குடி என்னும் சிற்றூரில் அதன் முகாம்கள் நடந்தன. 2020இல் 27 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், தொடர்ந்து குடியாதிருக்கச் செய்வதில் இக்கூட்டங்களின் வழிமுறை மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குப் பின்தங்கியதன்று, முந்தியும் நிற்கிறது என்று கண்டனர்.

கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. வாழ்நாள் முழுவதற்கும் சபதம் கேட்பதில்லை; இந்த 24 மணி நேரம் குடிக்காமல் இருந்தால் போதும் என்பார்கள்.

தந்தையை நானே அழைத்துச் சென்றேன். வாயிலில் பெயர்ப்பலகை இல்லை. அவர் மிதிவண்டியைப் பூட்டுவதுபோல் நெடுநேரம் குனிந்தே நின்றார். உள்ளிருந்து வந்த ஒருவர், “வாங்கண்ணே, டீ ஆறிடும்” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அன்று வெளியாரும் அமரக்கூடிய திறந்த கூட்டம். ஆகவே நானும் அமர்ந்தேன். அங்கே கேட்டவற்றை வெளியில் சொல்லும் உரிமை எனக்கில்லை.

மூன்று மாதம் கழித்து அவர் மீண்டும் குடித்தார். மறுவாரமே கூட்டத்துக்கும் போனார். அங்கு யாரும் அவரை வைததில்லை என்று மகன் வியப்போடு சொன்னான்.

உங்களில் சிலர் வீட்டிலும் இத்துன்பம் இருக்கலாம். குடிக்கின்றவர் வர மறுத்தாலும் குடும்பத்தாருக்கென 1951இல் தோன்றிய ‘அல்-அனான்’ கூட்டங்களும், இளையோருக்கான ‘அலட்டீன்’ கூட்டங்களும் உலகெங்கும் உண்டு. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். தந்தையின் குடிக்கு மகனோ மகளோ காரணம் அல்லர். அவரைத் திருத்துவதும் உங்கள் வீட்டுப்பாடம் அன்று.

மருத்துவர் எழுதித் தந்த தாளை மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்திருந்தேன். பிறகு வந்த பெற்றோர் சிலர், பேச்சினிடையே அதைப் படித்துவிட்டு, ஒன்றும் கேளாமல் எழுந்து போனதைக் கண்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற நாளில் சாவிக்கொத்தோடு அத்தாளையும் அடுத்த தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். கிழமையும் இடமும் மாறக்கூடும், ஆண்டுதோறும் விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.