வசனமும் அதன் இடமும்



சில ஆண்டுகளுக்கு முன்னர், உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியான மறுநாட் காலையில், மாணவனொருவனின் தந்தையார் என்னிடம் வந்தார். மைந்தனுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிட்டும் நிலை இல்லை. "ஐயா, எரேமியா 29:11ஐச் சட்டமிட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். என் மகனுக்கு ஆண்டவர் தந்த வாக்கென்று நாள்தோறும் அதை வாசித்தே செபித்தோம். அந்த வாக்குப் பொய்யா?" என்று வினவினார். அவர் குரலில் இருந்தது கோபமன்று. அவ்வினாவுக்கு இன்னொரு வசனத்தால் விடையிறுக்க எனக்கு மனம் வரவில்லை. இருவரும் அமர்ந்து அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்தோம்.

அது ஒரு கடிதம். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து சிறைபிடித்துச் சென்ற மக்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியனுப்பியது. முந்திய அதிகாரத்தில் அனனியா என்பவன் தோன்றி, இரண்டே ஆண்டுகளில் யாவரும் மீள்வர் என்று கேட்போர் செவிக்கு இனிக்கக் கூறுகின்றான். எரேமியாவின் கடிதமோ எழுபது ஆண்டுகள் என்கின்றது. அந்நிய மண்ணிலேயே வீடு கட்டவும், தோட்டம் நாட்டவும், பிள்ளைகளுக்கு மணம் முடிக்கவும், தம்மைச் சிறைகொண்ட நகரின் நலனுக்காகவே வேண்டுதல் செய்யவும் அவர்களைப் பணிக்கின்றது. நல்ல எதிர்காலம் பற்றிய வாக்கு அதன் பின்னரே வருகின்றது. கடிதத்தைக் கேட்ட முதியோர் மீளும் நாளைக் கண்டிருக்க மாட்டார்கள். மேலும், அவ்வாக்கு ஒரு சமூகம் முழுவதற்கும் உரைக்கப்பட்டது. எபிரேய மூலத்தில் பன்மையே உள்ளது. நம் தமிழில் 'நீங்கள்' என்பது பலரையும் குறிக்கும், மதிப்பிற்குரிய ஒருவரையும் குறிக்கும். ஆதலால் தனித்து வாசிப்பவர் அதனைத் தம் ஒருவருக்கே உரியதாகக் கொள்வது எளிது.

வசனத்தைத் தனியே பிரித்தெடுக்கும் வழக்கத்திற்கு அச்சுக்கலையும் ஓரளவு காரணமாகும். ஆதி ஏடுகளில் வசன எண்கள் இல்லை. புதிய ஏற்பாட்டில் இன்று வழங்கும் எண்களை 1551இல் இட்டவர் ரொபேர் எஸ்தியென் என்னும் பிரெஞ்சு அச்சகர். இடத்தைத் தேடிக் காண்பதற்கு அவை பேருதவி. ஆயினும், ஒவ்வொரு வரியும் தனியொரு பழமொழி போலத் தோன்றவும் அவை வழிசெய்தன. எண்கள் தோன்றுமுன்னரும் இப்பழக்கம் இருந்ததுதான். வனாந்தரச் சோதனையிலே சாத்தானும் 91ஆம் சங்கீதத்தை மேற்கோள் காட்டுகின்றான். தேவதூதர் தாங்குவர் என்பதோடு நிறுத்திக்கொள்கின்றான். பாம்பை மிதிப்பது பற்றி அடுத்து வரும் வரி அவனுக்கு உவப்பாய் இருந்திராது!

தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியானால் என் பிள்ளைக்கு இதில் ஒன்றுமில்லையா?" என்றார். ஒன்றுமில்லை என்று நான் கூறவில்லை. பரீட்சைச் சித்தியைப் பற்றி அக்கடிதம் பேசவில்லை என்றும், நினைத்தது கைகூடாத இடத்தில் எவ்வாறு வாழ்வது என்பதைப் பற்றியே பேசுகின்றது என்றும் கூறினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, தோட்டம் நாட்டச் சொல்லும் ஐந்தாம் வசனத்தை மறுபடியும் வாசித்தார்.

"இதை ஒருவரும் சட்டம் போட்டு விற்பதில்லையே, ஐயா" என்றார்.

மறுகிழமை மைந்தனையும் அழைத்து வந்தார். தொழினுட்பக் கல்லூரிக்கான விண்ணப்பப் படிவம் அவன் கையில் இருந்தது. அதில் நான் கையொப்பமிட வேண்டியிருந்தது.