காம்பியாவின் கோலிக்குண்டு வாக்கு



வடமொழிவழி வந்த ‘வாக்கு’ என்பதற்குச் சொல் என்பதே முதற்பொருள். தேர்தலில் நாம் அளிப்பது பின்னர் அமைந்த பொருள். மேற்கு ஆப்பிரிக்காவின் சிறிய நாடான காம்பியாவில் வாக்கு காதிலேயே கேட்கும். எழுத்தறிவு குறைந்திருந்த 1960களில் அங்கே வாக்குச்சீட்டுக்கு மாற்றாகக் கண்ணாடிக் கோலிக்குண்டு புகுத்தப்பட்டது. வேட்பாளரின் படம் ஒட்டிய உலோகப் பீப்பாய்கள் மறைவிடத்தில் நிற்கும். வாக்காளர் தாம் விரும்பிய பீப்பாயில் குண்டை இட, உள்ளே மணி ஒருமுறை ஒலிக்கும். மீண்டும் ஒலித்தால் முறைகேடு வெளிப்பட்டுவிடும்.

இத்துணைச் செம்மையான முறை இருந்தும், 1994இல் இராணுவப் புரட்சியால் ஆட்சியைப் பிடித்த யாஹ்யா ஜாமே, 1996 முதல் 2011 வரை நான்கு அதிபர் தேர்தல்களிலும் வென்றார். 2011இல், மக்கள் அச்சுறுத்தப்பட்டுள்ளனர் என்று கூறி, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸ் பார்வையாளர்களை அனுப்ப மறுத்தது.

‘சுதந்திரமான, நேர்மையான தேர்தல்’ என்பதை ஒரே சொல்லைப்போல் வழங்கி வருகிறோம். உண்மையில் அவை இரண்டு அடைகள்; பொருளும் இரண்டு. நேர்மை என்பது வாக்களிப்பையும் எண்ணிக்கையையும் பற்றியது. சுதந்திரம் என்பது, சாவடிக்கு வருமுன் குடிமக்கள் அஞ்சாமல் பேசவும் கூடவும் முடிந்ததா என்பதைப் பற்றியது.

2016இலும் அங்கே சுதந்திரம் இல்லை. தேர்தல் சீர்திருத்தம் கோரிப் போராடிய சோலோ சாண்டெங் ஏப்ரலில் காவலில் மாண்டார். எதிர்க்கட்சித் தலைவர் உசைனு டார்போவுக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. வாக்களிப்பு நாளில் இணையமும் துண்டிக்கப்பட்டது. ஆயினும் ஜாமே தோற்றார். எதிர்க்கட்சிகள் பல அடாமா பாரோ என்னும் ஒரே வேட்பாளரின் பின் நின்றன. வாக்குகள் அந்தந்தச் சாவடியிலேயே முகவர்கள் முன்னிலையில் எண்ணப்பட்டன. தேர்தல் ஆணையத் தலைவர் அலியு மோமர் நிஜாய் முடிவை மறைக்காமல் அறிவித்தார். பாரோவுக்கு 43.3 விழுக்காடு, ஜாமேக்கு 39.6.

தோல்வியை முதலில் ஏற்ற ஜாமே, ஒரு வாரத்தில் மறுத்தார். பாரோ 2017 ஜனவரி 19ஆம் நாள் அண்டை நாடான செனகலின் தலைநகர் டாக்காரில், காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார். எக்கோவாஸ் படைகள் எல்லை கடந்தபின், 21ஆம் நாள் ஜாமே நாட்டைவிட்டு வெளியேறினார்.

ஆகவே அதைச் சுதந்திரமான தேர்தல் என்று சொல்ல இயலாது. எண்ணிக்கையில் நேர்மை இருந்தது, அது ஒரு குறுகிய வழியைத் திறந்தது என்றே சொல்லலாம். 1986 முதல் உகாண்டாவை ஆளும் முசெவேனியும், 1982 முதல் கேமரூனை ஆளும் பியாவும் பதவிக்கால வரம்பு நீக்கப்பட்ட நாடுகளின் அதிபர்கள். அத்தகைய நாடுகளில் நல்ல தேர்தல் நடக்குமா என்று வினவுவோர், ஆட்சியாளரின் உறுதிமொழியை எடைபோடுவதில் பயனில்லை. வாக்கை எங்கே, யார் முன்னிலையில் எண்ணுவர்? முடிவை அறிவிப்பவர் அஞ்சாதவரா? தோற்றவர் மறுத்தால் அண்டை நாடுகள் என்ன செய்யும்? மாணவர்கள் செய்தி படிக்கும்போது இவ்வினாக்களைக் கேட்டுப் பழக வேண்டும். அதற்கும் முன்னதாக, அந்நாட்டில் சொல்லாகிய வாக்குக்கு இடமுண்டா என்றும் கேட்க வேண்டும்.